ஒரு பாறை யாருக்குச் சொந்தம்? பெட்ரா பிராங்கா வழக்கு வழியே ஓர் எளிய விளக்கம்

சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசலில், தென்சீனக் கடல் தொடங்கும் இடத்தில், ஒரு கருங்கல் பாறை நிற்கிறது. நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர். கடல் வற்றியிருக்கும்போது அளந்தாலும் மொத்தப் பரப்பு சுமார் 8,560 சதுர மீட்டர்தான். அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கர். கடற்பறவைகளின் எச்சம் படிந்து தூரத்திலிருந்தே வெளுத்துத் தெரியும். சிங்கப்பூரில் இதைப் பெட்ரா பிராங்கா என்கிறார்கள். மலேசியாவில் புலாவ் பத்து பூத்தே. இந்த இரண்டு ஏக்கருக்காக இரு நாடுகளும் 1980 முதல் 2008 வரை தகராறு செய்தன.

இப்படிப்பட்ட தகராறுகள் உலகில் நிறைய உண்டு. கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவே டோக்டோ, ஜப்பானில் அதன் பெயர் தகேஷிமா. ஜப்பான், சீனா, தைவான் மூன்றும் கேட்கும் சென்காகு, சீனர்களுக்கு அது தியாவ்யு. செய்தியில் இவற்றைப் படிக்கும்போது, "நூற்றாண்டுகளாக எங்களுடையது" என்று இரு பக்கமும் சொல்வதைத் தவிர வேறெதுவும் நமக்குப் புரிவதில்லை. நீதிமன்றம் வரை போய் முடிந்த வழக்கு ஒன்றை எடுத்துக்கொண்டால், இந்த வாதங்களில் எதற்கு எவ்வளவு எடை என்று தெளிவாகிவிடும். பெட்ரா பிராங்கா அதற்கு நல்ல உதாரணம்: பழைய மன்னர்கள், காலனி அதிகாரிகள், கடிதங்கள், கொடி, வரைபடம் எல்லாமே அதில் உண்டு.

முதலில், இத்தனை சிறிய பாறைக்கு ஏன் இத்தனை சண்டை? பாறைக்காக இல்லை, அதைச் சுற்றியுள்ள கடலுக்காக. 1982இல் உருவான ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின்படி, கடல் ஏறும்போதும் நீருக்கு மேலே நிற்கிற எந்த நிலத்துண்டைச் சுற்றியும் 12 கடல் மைல் வரை பிராந்தியக் கடல், அதாவது அந்த நாட்டின் ஆளுகைக்கு உட்பட்ட கடல், உண்டு. தனியாக நிற்கும் ஒரு பாறையைச் சுற்றி இப்படி ஒரு வட்டம் போட்டால் ஏறக்குறைய 1,550 சதுர கிலோமீட்டர் கடல் சேரும். மனிதர்கள் வாழவோ சொந்தமாகப் பொருளாதார வாழ்க்கை நடத்தவோ தக்க தீவாக இருந்தால் 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலமும், அதாவது மீன், எண்ணெய் போன்ற கடல் வளங்களை எடுக்கும் உரிமையும், கிடைக்கும். அந்த வட்டம் நான்கு லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டும். அதற்குத் தகுதியில்லாத வெறும் பாறைக்கு 12 மைலோடு சரி என்கிறது அந்த ஒப்பந்தத்தின் 121ஆவது பிரிவு. நீரிணைபோல் குறுகலான இடத்தில் பக்கத்து நாட்டின் கடலும் குறுக்கே வந்துவிடும் என்பதால் முழு வட்டம் யாருக்கும் கிடைக்காது. ஆனாலும் மீன், எண்ணெய், கப்பல் பாதை என்று கணக்குப் போடுகிறவர்களுக்குப் பாதி வட்டமே பெரிய விஷயம்.

கிட்ட இருப்பவருக்கா, முதலில் கண்டவருக்கா?

நாம் சாதாரணமாக யோசித்தால் இரண்டு பதில்கள் தோன்றும். ஒன்று, எந்த நாட்டுக்கு அருகில் இருக்கிறதோ அதற்குக் கொடுத்துவிடலாம். இரண்டு, யார் முதலில் கண்டுபிடித்தார்களோ அவர்களுக்குக் கொடுத்துவிடலாம். இரண்டுமே செல்லாது என்பது 1928இலேயே முடிவான சங்கதி.

அந்த வழக்கு பால்மாஸ் தீவைப் பற்றியது. பிலிப்பைன்ஸின் மிந்தனாவோவுக்கும் இந்தோனேசியத் தீவுகளுக்கும் இடையில் கிடக்கும் இதன் இன்றைய பெயர் மியாங்காஸ். 1898இல் ஸ்பெயின் போரில் தோற்றுப் பிலிப்பைன்ஸை அமெரிக்காவிடம் ஒப்படைத்தபோது, ஒப்பந்தத்தில் குறித்த எல்லைக்குள் பால்மாஸும் அடங்கியது. 1906இல் அமெரிக்கத் தளபதி லெனர்ட் வுட் தன் நாட்டுத் தீவைப் பார்வையிடலாம் என்று அங்கே போனால், கரையில் டச்சுக் கொடி பறக்கிறது. விவகாரம் கடைசியில் மேக்ஸ் ஹூபர் என்ற சுவிஸ் சட்ட நிபுணரிடம் போனது. அவர் ஒருவரே நடுவர்.

அமெரிக்கா சொன்னது: ஸ்பெயின் இதைக் கண்டுபிடித்தது, அதன் உரிமை எங்களுக்கு வந்தது, தவிர, தீவு பிலிப்பைன்ஸுக்கு அருகில் இருக்கிறது. ஹூபர் இரண்டையும் ஏற்கவில்லை. கண்டுபிடிப்பு ஒரு தொடக்கம் மட்டுமே, பின்னால் வந்து நியாயமான காலத்துக்குள் ஆண்டு காட்டாவிட்டால் அது முழு உரிமையாகாது என்றார். தனக்கு இல்லாத உரிமையை ஸ்பெயின் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அருகில் இருப்பது என்பதற்குச் சட்டத்தில் திட்டவட்டமான அளவே இல்லை. டச்சுக்காரர்களோ 17ஆம் நூற்றாண்டிலிருந்து உள்ளூர்த் தலைவர்களுடன் செய்த ஒப்பந்தங்களையும் அங்கே தாங்கள் செலுத்திய அதிகாரத்தையும் காட்டினார்கள். நெதர்லாந்து ஜெயித்தது. இடைவிடாமல், எதிர்ப்பில்லாமல் அரசாக நடந்துகொண்டவர் யார் என்பதே ஹூபர் வைத்த அளவுகோல். இன்று வரை தீவு வழக்குகளில் எல்லோரும் கையில் எடுக்கும் அளவுகோல் அதுதான்.

"அரசாக நடந்துகொள்வது" என்றால் படை இறக்கிக் கோட்டை கட்டுவது என்று நினைக்க வேண்டாம். நீதிமன்றங்கள் மதித்த சான்றுகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆங்கிலக் கால்வாயில் உள்ள மின்கியர், எக்ரெஹோ பாறைத்தீவுகளுக்காக 1953இல் பிரிட்டனும் பிரான்சும் ஹேக் நகரில் உள்ள ஐ.நா.வின் அனைத்துலக நீதிமன்றத்தில் நின்றன. 13ஆம் நூற்றாண்டின் மன்னர்கள், பிரபுக்கள் கதையெல்லாம் நீள நீளமாக வாதிடப்பட்டது. நீதிபதிகள் கவனித்ததோ வேறு: எக்ரெஹோவில் ஒதுங்கிய பிணங்களுக்கு மரண விசாரணை நடத்தியது யார், அங்கே இருந்த குடிசைகளுக்கு வரி போட்டது யார், சொத்து விற்பனையைப் பதிவு செய்தது எந்த அலுவலகம்? எல்லாம் பிரிட்டிஷ் ஆளுகையில் இருந்த ஜெர்சி தீவு. தீர்ப்பு ஒருமனதாக பிரிட்டனுக்குப் போனது.

2002இல் சிப்பாடான், லிகித்தான் தீவுகள் மலேசியாவுக்கா இந்தோனேசியாவுக்கா என்ற வழக்கில் ஆமை முட்டை முக்கியச் சாட்சி. அங்கே முட்டை பொறுக்குவதை 1917இலிருந்து ஒழுங்குபடுத்தியதும், 1933இல் சிப்பாடானைப் பறவைக் காப்பகமாக அறிவித்ததும் வட போர்னியோவின் பிரிட்டிஷ் நிர்வாகம். பின்னால் அந்த நிலப்பகுதி மலேசியாவோடு சேர்ந்தது. 16க்கு 1 என்ற கணக்கில் மலேசியா வென்றது. ஆளில்லாத சின்னத் தீவில் ஓர் அரசுக்குச் செய்ய அதிக வேலை இருக்காது என்பதை நீதிமன்றம் புரிந்துகொள்கிறது. அதனால் சான்றுகள் சிறியவையாக இருக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பிடம் அந்த அளவுகூட இல்லை என்று காட்ட வேண்டும்.

நிலத் தகராறுகளில் அனுபவ பாத்தியதை என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இது அதற்குக் கிட்டத்தட்ட வருகிறது, ஆனால் அப்படியே அது இல்லை. நாடுகள் விஷயத்தில் "இத்தனை வருடம் வைத்திருந்தால் சொந்தம்" என்ற கெடு எதுவும் கிடையாது. இன்னொரு நாடு பார்த்துக்கொண்டிருந்ததா, பார்த்தும் பேசாமல் இருந்ததா என்பதையும் சேர்த்தே எடை போடுகிறார்கள். பெட்ரா பிராங்கா வழக்கு திரும்பியது இந்த இடத்தில்தான்.

விளக்கு கட்டியதும் வந்த கேள்வி

பாறை இருக்குமிடம் சிங்கப்பூருக்குக் கிழக்கே 24 கடல் மைல். மலேசியாவின் ஜொகூர் கரையிலிருந்து 7.7 மைல், இந்தோனேசியாவின் பிந்தான் தீவிலிருந்து 7.6 மைல். தூரம்தான் கணக்கு என்றால் சிங்கப்பூருக்குப் பேச்சே இல்லை.

பழைய ஜொகூர் சுல்தானகம் இந்தக் கடல் பகுதி முழுவதையும் ஆண்டது. ஒராங் லாவுட் எனப்படும் கடலோடி மக்கள் இந்தத் தீவுகளிடையே மீன்பிடித்தும் சில சமயம் கொள்ளையடித்தும் வாழ்ந்தார்கள். அவர்கள் சுல்தானின் குடிகள். 1824 ஆகஸ்டில் ஜொகூர் சுல்தானும் தெமெங்கோங் எனப்படும் அவருடைய உயர் அதிகாரியும் சிங்கப்பூரை ஆங்கிலேயருக்குக் கொடுத்தபோது, அதன் கரையிலிருந்து 10 மைலுக்குள் உள்ள தீவுகளையும் சேர்த்தார்கள். 24 மைலில் இருக்கும் பெட்ரா பிராங்கா அதில் வரவில்லை.

அந்தப் பக்கம் கப்பல்கள் பாறையில் மோதி நொறுங்குவது வழக்கமாகியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் வரைபட வல்லுநர் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் 1836இல் இறந்ததும், அவர் நினைவாகச் சீனாவின் கான்டன் நகர வணிகர்கள் பணம் திரட்டி ஒரு கலங்கரை விளக்கம் கட்ட விரும்பினார்கள். 1844இல் சுல்தானும் தெமெங்கோங்கும் தங்கள் சம்மதத்தை எழுதிக் கொடுத்தார்கள். சிங்கப்பூர் அரசு நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் கட்டி முடித்து, 1851 அக்டோபரில் ஹார்ஸ்பர்க் விளக்கு எரியத் தொடங்கியது. அன்றிலிருந்து அதைப் பராமரித்தது சிங்கப்பூர்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. இன்னொருவர் இடத்தில் அனுமதி வாங்கி விளக்கு கட்டிக் காப்பாற்றினால் அந்த இடம் உங்களுடையதாகிவிடுமா? ஆகாது. மலேசியாவின் வாதமே அதுதான்: சிங்கப்பூர் வெறும் விளக்குப் பராமரிப்பாளர். இதற்கு உயிருள்ள உதாரணமும் அவர்களிடம் இருந்தது. ஜொகூரின் மேற்குக் கரைக்கு அப்பால் புலாவ் பீசாங் என்ற தீவில் உள்ள விளக்கையும் சிங்கப்பூர்தான் நடத்துகிறது. ஆனால் தீவு மலேசியாவுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

விந்தை என்னவென்றால், அந்தப் புலாவ் பீசாங்கே பின்னால் மலேசியாவுக்கு எதிராகத் திரும்பியது. 1968இல் அங்கே விளக்கு நிலையத்தில் பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்கச் சொல்லி மலேசியா கேட்டது, சிங்கப்பூரும் இறக்கியது. அதே கொடி பெட்ரா பிராங்காவிலும் பறந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி மலேசியா வாய் திறக்கவில்லை. தன் மண்ணில் வேற்றுக்கொடி பறந்தால் கேட்கத் தெரிந்த அரசு இங்கே மட்டும் ஏன் கேட்கவில்லை? இந்த வழக்கில் எனக்கு மிகப் பிடித்த சான்று இதுதான். சின்ன விஷயம், ஆனால் பதில் சொல்ல முடியாத கேள்வி.

1953இன் கடிதம்

1953 ஜூன் 12 அன்று, சிங்கப்பூர்க் காலனிச் செயலாளர் சார்பில் ஜே.டி. ஹைம் என்ற அதிகாரி ஜொகூரில் இருந்த பிரிட்டிஷ் ஆலோசகருக்கு ஒரு கடிதம் எழுதினார். சிங்கப்பூரின் கடல் எல்லையைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது, பெட்ரா பிராங்கா குத்தகையாகவோ தானமாகவோ வேறு வகையிலோ கொடுக்கப்பட்டதற்கு ஆவணம் ஏதும் உண்டா என்பது கேள்வி. உள்ளபடி பார்த்தால், பாறை தன்னுடையதா என்பது சிங்கப்பூருக்கே அப்போது உறுதியாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 21 அன்று ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலாளரிடமிருந்து பதில் வந்தது. பெட்ரா பிராங்காவின் உடைமையை ஜொகூர் அரசு கோரவில்லை. அவ்வளவுதான், வேறு விளக்கம் இல்லை.

அரை நூற்றாண்டு கழித்து ஹேக் நகரில் இந்த ஒற்றை வரிக்காக வழக்கறிஞர்கள் மல்லுக்கட்டினார்கள். உடைமை வேறு, இறையாண்மை, அதாவது ஆளும் உரிமை, வேறு என்றது மலேசியா. ஒரு தற்காலிகச் செயலாளருக்கு அரசின் நிலத்தைக் கைவிட அதிகாரமே இல்லை என்றும் சொன்னது. நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அதே சமயம், இந்தக் கடிதத்தால்தான் பாறை கைமாறியது என்றும் சொல்லவில்லை. 1953இல் ஜொகூர் அந்தப் பாறையைத் தன்னுடையதாக நினைக்கவில்லை என்பதைக் கடிதம் காட்டுகிறது என்ற அளவில் நின்றது. இந்த வேறுபாடு முக்கியம். ஒரு கடிதத்தால் ஒரு நாடு தீவை இழந்துவிட்டது என்று பலரும் சுருக்கிச் சொல்கிறார்கள். தீர்ப்பு அத்தனை சுலபமாக இல்லை.

கடிதத்துக்குப் பிறகு நடந்தவையும் சேர்ந்துதான் தராசு சாய்ந்தது. பாறையைச் சுற்றிய கடலில் கப்பல் விபத்து நடந்தால் விசாரித்தது சிங்கப்பூர். ஆய்வுக்காக வர விரும்பிய மலேசிய அதிகாரிகளும் சிங்கப்பூரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 1977இல் சிங்கப்பூர் அங்கே ராணுவத் தொலைத்தொடர்புக் கருவி வைத்தது. சுற்றிலும் கடலைத் தூர்த்து நிலத்தைப் பெருக்கவும் ஒரு திட்டம் போட்டு டெண்டர் விட்டது, பிறகு கைவிட்டது. இதற்கெல்லாம் மேலே, 1962 முதல் 1975 வரை மலாயாவும் மலேசியாவும் வெளியிட்ட அதிகாரபூர்வ வரைபடங்கள் சிலவற்றில் அந்தப் பாறையின் பெயருக்குக் கீழேயே "சிங்கப்பூர்" என்று அச்சாகியிருந்தது. சிங்கப்பூரின் கையும் முழுக்கச் சுத்தம் இல்லை: 1995 வரை அது வெளியிட்ட எந்த வரைபடமும் பெட்ரா பிராங்காவைத் தன் எல்லைக்குள் காட்டவில்லை. ஆனால் தன் வரைபடத்தில் சேர்க்காமல் விடுவதும், அடுத்தவன் பெயரை எழுதிவைப்பதும் ஒன்றல்ல.

1979 டிசம்பர் 21 அன்று மலேசியா தன் கடல் எல்லைகளைக் காட்டும் புதிய வரைபடத்தை வெளியிட்டது. பெட்ரா பிராங்கா அதற்குள் இருந்தது. 1980 பிப்ரவரி 14 அன்று சிங்கப்பூர் மறுப்புக் குறிப்பு அனுப்பியது.

இந்தப் பிப்ரவரி தேதிக்குச் சட்டத்தில் தனி மதிப்பு உண்டு. தகராறு வெளிப்படையாக உருவான நாள் அது. அதற்குப் பிறகு இரு தரப்பும் செய்யும் காரியங்களை நீதிமன்றம் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை, முன்பிருந்து இயல்பாகத் தொடர்ந்து வருபவை நீங்கலாக. எடுத்தால் என்ன ஆகும்? வழக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் ஆளுக்கொரு கொடியும் கட்டடமுமாகச் சான்று தயாரிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

வருடா வருடம் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கண்டனம் அனுப்புகிறது என்ற செய்தி ஏன் ஓயாமல் வருகிறது என்பதும் இப்போது விளங்கும். டோக்டோவைத் தென்கொரியா கையில் வைத்திருக்கிறது. அதிகாரி யாராவது அங்கே போனால் ஜப்பான் மறுப்புத் தெரிவிக்கும். ஏதாவது மாறும் என்ற நம்பிக்கையில் அனுப்புவதில்லை. பேசாமல் இருந்தால் நாளை அதுவே சம்மதமாக எண்ணப்படும் என்பதால் அனுப்புகிறார்கள். சென்காகு விஷயத்தில் ஜப்பானின் வாதமும் இதே கயிற்றைப் பிடித்துத்தான் போகிறது: 1895இல் நாங்கள் சேர்த்துக்கொண்டோம், 1968இல் ஐ.நா. ஆதரவிலான ஆய்வு அங்கே எண்ணெய் இருக்கலாம் என்று சொன்ன பிறகுதானே நீங்கள் கேட்கத் தொடங்கினீர்கள் என்பது. போரில் பறிக்கப்பட்டது எங்களுக்குத் திரும்ப வேண்டும் என்பது சீனத் தரப்பு.

அந்த வழக்குகள் ஏன் ஹேக் வரை வருவதில்லை? இரு நாடுகளும் சம்மதித்தால்தான் அனைத்துலக நீதிமன்றம் இப்படிப்பட்ட வழக்கை எடுக்க முடியும். 1954இல் ஜப்பான் டோக்டோவை அங்கே கொண்டுபோகலாம் என்றது, கொரியா மறுத்துவிட்டது. தீவைக் கையில் வைத்திருப்பவருக்கு நீதிமன்றம் போவதால் லாபம் எதுவும் இல்லை, தோற்கும் வாய்ப்பு மட்டுமே உண்டு. கையில் இருப்பதைப் பணயம் வைத்து 2003இல் மலேசியாவுடன் சேர்ந்து ஹேக் போகக் கையெழுத்திட்ட சிங்கப்பூர் இந்த வகையில் விதிவிலக்கு.

மூன்று பாறை, மூன்று முடிவு

2007 நவம்பரில் வாதம் நடந்தது. மலேசியா காட்டிய ஒரு புகைப்படத்தில் பாறைக்குப் பின்னால் ஜொகூர் கரை மிக அருகில், உயரமாகத் தெரிந்தது. கேமரா லென்ஸ் தூரத்தைச் சுருக்கிக் காட்டுகிறது என்று சிங்கப்பூர் தரப்பு பிடித்துக்கொண்டது. சண்டை சுவாரசியம்தான். ஆனால் ஹூபர் 1928இலேயே தூரத்தை ஓரமாக வைத்துவிட்ட பிறகு, அந்தப் படம் நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்திருந்தாலும் பெரிதாக எதையும் மாற்றியிருக்காது.

2008 மே 23 அன்று தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் முதலில் மலேசியா சொன்னதை ஒப்புக்கொண்டது: பாறை ஆதியில் ஜொகூர் சுல்தானகத்துக்குச் சொந்தம். யாருக்கும் சொந்தமில்லாத பாறையில் வந்து விளக்கு கட்டினோம் என்ற சிங்கப்பூரின் வாதம் எடுபடவில்லை. ஆனால் இரு தரப்பும் நடந்துகொண்ட விதத்தால் 1980க்குள் இறையாண்மை சிங்கப்பூருக்குக் கைமாறிவிட்டது என்று 12க்கு 4 என்ற வாக்கில் முடிவானது. எதிர்த்து வாக்களித்த நால்வரின் தயக்கத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. காலம் காலமாக ஓர் அரசுக்கு இருந்த உரிமை, ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் மௌனத்தின் வழியே நழுவிப் போனது என்று சொல்ல எவ்வளவு மௌனம் வேண்டும் என்ற கேள்வி சட்ட வகுப்புகளில் இன்னும் ஓயவில்லை.

அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் சொச்சம் தெற்கே மிடில் ராக்ஸ் என்ற சிறு பாறைகள் உள்ளன. அவை மலேசியாவுக்குப் போயின. காரணம் மேலே சொன்னதன் மறுபக்கம்: சிங்கப்பூர் அங்கே எதுவும் செய்திருக்கவில்லை, அதனால் ஜொகூரின் பழைய உரிமை அப்படியே நின்றது. 2017இல் மலேசியா அங்கே ஒரு கடல்சார் தளத்தைத் திறந்தது.

அதே 2017இல் மலேசியா தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்டு மனுப் போட்டது. புதிய ஆதாரம் கிடைத்தால், அது கிடைத்த ஆறு மாதத்துக்குள், தீர்ப்பு வந்த பத்து ஆண்டுக்குள் கேட்கலாம் என்பது விதி. பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த பழைய கோப்புகளை மலேசியா காட்டியது. 2018 மே மாதம் மலேசியாவில் ஆட்சி மாறியது. மகாதீர் முகமது தலைமையிலான புதிய அரசு மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அது சரியா என்று பின்னால் உள்நாட்டில் அரச விசாரணை ஆணையமே அமைக்கும் அளவுக்கு அந்த முடிவு அரசியலானது.

மூன்றாவது, சௌத் லெட்ஜ். கடல் வற்றும்போது மட்டும் தலை காட்டும் பாறை. சட்டத்தின் கண்ணில் இது தீவே இல்லை, தானாக ஒரு பிராந்தியக் கடலும் அதற்குக் கிடையாது. எந்த நாட்டின் பிராந்தியக் கடலுக்குள் கிடக்கிறதோ அந்த நாட்டுக்கு அது சேரும் என்று சொல்லி நீதிமன்றம் நிறுத்திக்கொண்டது. அது எந்த நாட்டின் கடல் என்று சொல்ல வேண்டுமானால் பெட்ரா பிராங்காவுக்கும் மிடில் ராக்ஸுக்கும் இடையே எல்லைக்கோடு வரைய வேண்டும். அப்படி வரையும்படி இரு நாடுகளும் நீதிமன்றத்திடம் கேட்டிருக்கவில்லை. அந்த வேலையைத் தங்கள் கூட்டுத் தொழில்நுட்பக் குழுவிடம் விட்டார்கள்.